பழைய 'மேஜிக்' அட்டைகள்: நான்கு பெட்டிக்கும் சேர்த்து 1,500 வெள்ளி நியாயமான விலையா?

தோ பாயோ வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் தோ பாயோவிலுள்ள நாலறை வீட்டை விற்றுவிட்டு அம்மா என்னோடு வந்து தங்கவிருப்பதால், சென்ற வாரம் அங்கிருந்த சாமான் அறையைக் காலி செய்தோம். நானும் என் தம்பியும் 1994 முதல் 1999 வரை சேர்த்த 'மேஜிக்: த கேதரிங்' என்ற சேகரிப்பு அட்டை ஆட்டத்தின் அட்டைகள் மூன்று காலணிப் பெட்டிகளிலும் ஒரு பிஸ்கட் டின்னிலும் அப்படியே கிடந்தன. தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த பணத்தில் பொட்டலம் பொட்டலமாக வாங்கி, புளோக்கின் கீழ்த்தளத்தில் சிமெண்டு மேசையில் வைத்து ஆடிய அட்டைகள் அவை. தேசிய சேவைக்குப் போனதோடு என் ஆட்டம் நின்றுவிட்டது. எண்ணிப் பார்த்ததில் ஏறத்தாழ 3,400 அட்டைகள் இருக்கின்றன.

ஒரு கடைக்கு எடுத்துச் சென்று காட்டினேன். அங்கிருந்தவர் கால் மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து 1,500 வெள்ளிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எங்களுக்கு அது எதிர்பாராத பணம்தான் என்றாலும், பிஸ்கட் டின்னை மட்டும் அவர் இரண்டாவது முறை திறந்து பார்த்தது மனத்தை உறுத்தியதால், யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

என் ஐயங்கள் சில உண்டு. ஒரே பெயருள்ள அட்டை இணையத்தில் ஓரிடத்தில் மூன்று வெள்ளிக்கும் வேறோரிடத்தில் முந்நூறு வெள்ளிக்கும் கிடக்கிறது. என் கையிலிருப்பது இவற்றுள் எது என்று எப்படி அறிவது? அடுத்தது, சிறுவனாக இருந்தபோது என் தம்பி தன் அட்டைகள் என்னுடையவற்றோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றின் பின்புறத்தில் மார்க்கர் பேனாவால் தன் பெயரின் முதலெழுத்தை எழுதி வைத்திருக்கிறான். அதை அழித்துவிட்டு விற்பது நல்லதா? டின்னில் 'மாக்ஸ் ஜெட்' என்ற அட்டை ஒன்றும் இருக்கிறது. மற்ற அட்டைகளுக்கெல்லாம் மூலைகள் வளைந்திருக்க, இதற்கு மட்டும் கத்தரித்தாற்போல் கூராக இருக்கின்றன. பள்ளித் தோழன் ஒருவன் இரண்டு 'ஐஸ் ஏஜ்' பொட்டலங்களுக்கு மாற்றாகக் கொடுத்தது அது. போலி என்று எண்ணியதால் கடைக்கு நான் எடுத்துச் செல்லவே இல்லை. பெர்த்தில் இருக்கும் தம்பியோ, "நீயே பார்த்துச் செய்" என்று சொல்லிவிட்டான். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ரொறன்ரோ வடலி எழுதியது:

வணக்கம் அண்ணா. முதலில் ஒன்று: அந்தக் கூர்மூலை அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நான் ஸ்காபரோவில் உயர்பள்ளியில் படித்த காலத்திலிருந்து இந்த அட்டைகளோடு புழங்கி வருகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு விடை 'பதிப்பு' என்ற ஒரே சொல்தான். இந்த ஆட்டம் 1993 ஆகஸ்டில் ஆல்பா பதிப்பாக வெளிவந்தது. அதையடுத்து அதே ஆண்டில் பீட்டாவும் அன்லிமிடெட்டும், 1994 ஏப்ரலில் ரிவைஸ்டும், 1995இல் நான்காம் பதிப்பும் வந்தன. இவற்றில் எதற்கும் பதிப்புச் சின்னம் கிடையாது. அதனால் குழப்பம் அனைத்தும் இங்கேதான் தொடங்குகிறது. ஆல்பாவுக்கும் பீட்டாவுக்கும் கறுப்பு விளிம்பு. ஆல்பாவின் மூலைகள் மற்ற எல்லாவற்றையும் விடக் கூடுதலாக வளைந்திருக்கும். அன்லிமிடெட்டில் இருந்து விளிம்பு வெள்ளையாகிறது. வெள்ளை விளிம்பு அட்டை ஒன்று கையில் இருந்தால், கீழே ஓவியரின் பெயருக்கு அடியில் 1995 என்ற ஆண்டோடு உரிமை வரி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நான்காம் பதிப்பு. பெரும்பாலும் சில்லறைக் காசு. அந்த வரி இல்லையென்றால் அன்லிமிடெட்டோ ரிவைஸ்டோதான். அன்லிமிடெட்டில் வெள்ளை விளிம்புக்கும் நிறச் சட்டத்துக்கும் இடையே செதுக்கியது போன்ற ஒரு மெல்லிய சாய்கோடு ஓடும், நிறமும் அடர்த்தியாக இருக்கும். ரிவைஸ்டில் அந்தக் கோடு இல்லை. வெயிலில் காயப்போட்ட துணி போலப் படம் வெளிறித் தெரியும்.

வெளிறிய பதிப்புதானே என்று ரிவைஸ்டைத் தள்ளிவிடவும் முடியாது. இரண்டு நிற மனாவை, அதாவது மற்ற அட்டைகளை இறக்கச் செலவிடும் ஆற்றலை, தருகிற பத்து 'டியூயல் லேண்ட்' (இரட்டை நிலம்) அட்டைகள் ஆட்டத்தில் பயன்படுத்தத்தக்க வடிவில் கடைசியாக அச்சானது அந்தப் பதிப்பில்தான். 1995இல் 'குரோனிக்கிள்ஸ்' என்ற தொகுப்பில் பழைய அரிய அட்டைகளை நிறுவனம் ஏராளமாக மறு அச்சிட்டதும், சேகரிப்பாளர்கள் கொதித்துப் போனார்கள். அதன் விளைவாக, இனி ஒருபோதும் மறு அச்சிடமாட்டோம் என்று உறுதியளிக்கும் 'ரிசர்வ்டு லிஸ்ட்' 1996இல் வெளியானது. டியூயல் லேண்டுகள் பத்தும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆட விரும்புவோர் பெருகிக்கொண்டே போக, அட்டைகளின் எண்ணிக்கை 1994இல் நின்றுவிட்டது. விலையேற்றத்துக்கு அடிப்படை இதுதான். நல்ல நிலையிலுள்ள 'அண்டர்கிரவுண்ட் சீ' என்ற ரிவைஸ்டு டியூயல் லேண்ட் ஒன்று இன்று பல நூறு அமெரிக்க டொலருக்கு விற்கிறது. அதே பெட்டியில் அதன் பக்கத்தில் கிடக்கும் சாதாரண அட்டைக்கு ஐந்து சதம்கூட யாரும் தரமாட்டார்கள்.

குரோனிக்கிள்ஸைச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதிலுள்ள அட்டைகள் மூலத் தொகுப்பின் சின்னத்தையே தாங்கியிருக்கும். ஆகவே 1994இல் வந்த 'லெஜெண்ட்ஸ்' தொகுப்பின் தூண் சின்னத்தைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதிக்க வேண்டாம். விளிம்பு வெள்ளையாக இருந்தால் அது மறு அச்சு. நானே பதினாறு வயதில் ஒரு டிராகன் அட்டையை இப்படி நம்பி வாங்கி ஏமாந்தேன்.

இனி அந்தக் கூர்மூலைக்கு வருகிறேன். 1993 டிசம்பரில் நிறுவனமே 'கலெக்டர்ஸ் எடிஷன்' என்ற பெயரில் முழுத் தொகுப்பையும் ஒரே பெட்டியாக விற்றது. முன்புறம் பீட்டாவைப் போலக் கறுப்பு விளிம்போடு இருக்கும். மூலைகள் கூராக இருக்கும். பின்புறத்தில் பொன்னிற விளிம்போடு தொகுப்பின் பெயரும் அச்சாகியிருக்கும். போட்டிகளில் இதை ஆட அனுமதி இல்லை என்பதால் பீட்டாவின் விலை வராது. ஆனாலும் மாக்ஸ் ஜெட் 'பவர் நைன்' என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் ஒன்பது அட்டைகளில் ஒன்று. நீங்கள் சொல்வது இதுவாக இருந்தால், டின்னில் இருக்கும் எந்த டியூயல் லேண்டுக்கும் அது எளிதில் இளைத்துவிடாது. மாறாக, பின்புறம் மற்ற அட்டைகளைப் போலவே பொன்விளிம்பு இல்லாமல் இருந்தால், யாரோ ஒட்டுவேலை செய்திருக்கிறார்கள் என்று ஐயப்பட வேண்டும். திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கிள்ளான் கரையோரம் எழுதியது:

மார்க்கர் மையை அழிக்க முயல வேண்டாம். நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டு ஒரு 'டைகா' அட்டையின் பின்புறத்தை நான் துடைத்தபோது, மையோடு சேர்ந்து மேற்பூச்சின் பளபளப்பும் போய், விரல்நுனி அளவுக்கு மங்கலான ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. மை எழுதிய அட்டையை வாங்குவோர் உண்டு. துடைத்த அட்டையைக் கண்டால் வேறு என்னென்ன செய்திருப்பானோ என்றுதான் நினைப்பார்கள்.

தோ பாயோ வாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு உணவு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கை கழுவித் துடைத்துவிட்டு உட்கார்ந்து, இரண்டரை மணி வரை பிரித்துப் பார்த்தேன்.

மாக்ஸ் ஜெட்டின் பின்புறத்தில் நீங்கள் சொன்ன பொன்னிற விளிம்பும் தொகுப்பின் பெயரும் இருக்கின்றன. முப்பது ஆண்டுகளாக அதை நான் திருப்பியே பார்த்ததில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ரிவைஸ்டு பதிப்பில் ஏழு டியூயல் லேண்டுகள் கிடைத்தன: 'அண்டர்கிரவுண்ட் சீ' இரண்டு, 'டைகா' இரண்டு, 'வால்கேனிக் ஐலண்ட்', 'பேயூ', 'ஸ்க்ரப்லேண்ட்' ஒவ்வொன்று. அண்டர்கிரவுண்ட் சீ இரண்டில் ஒன்றின் பின்புறத்தில், நடுவிலுள்ள பழுப்பு நீள்வட்டத்தின் மேல், தம்பியின் எழுத்து நீலத்தில் பளிச்சென்று இருக்கிறது. அதே பதிப்பில் 'வீல் ஆஃப் பார்ச்சூன்' ஒன்றும் உண்டு. 1998இன் 'அர்சாஸ் சாகா' தொகுப்பில் 'கேயாஸ் கிரேடில்' ஒன்று, 'டொலேரியன் அகாடமி' ஒன்று. தூண் சின்னம் போட்ட டிராகன்கள் நான்கும் வெள்ளை விளிம்புக்காரர்கள்தாம். அந்த ஏமாற்றத்தில் உங்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

மூன்று காலணிப் பெட்டிகளில் பெரும்பகுதி 'ஃபாலன் எம்பயர்ஸ்', 'ஐஸ் ஏஜ்', 'ஹோம்லேண்ட்ஸ்', நான்காம் பதிப்பு ஆகியவைதாம். கட்டுகளுக்குப் போட்டிருந்த ரப்பர் வளையங்கள் நம்மூர்ப் புழுக்கத்தில் உருகி ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டின் மேலட்டையிலும் கீழட்டையிலும் பழுப்புக் கோடு போட்டிருக்கின்றன. நல்லவேளையாக டின்னுக்குள் இருந்தவற்றுக்கு ரப்பர் போடவில்லை. மருந்துப் புட்டியிலிருந்து எடுத்த சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் உள்ளே கிடந்தது. அது அம்மாவின் வேலையாகத்தான் இருக்கும். இப்போது அந்தக் கடைக்காரரிடம் மீண்டும் போய்ப் பேசலாமா, வேறு வழி தேட வேண்டுமா?

பழைய கல்லாக்காரன் எழுதியது:

சிங்கப்பூரில் அட்டைக் கடை ஒன்றின் கல்லாவில் ஆறு ஆண்டுகள் உட்கார்ந்து, மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து இத்தகைய பெட்டிகளுக்கு விலை சொன்னவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகை குறைவு. அதில் ஐயமே இல்லை. ஆனால் அதை மோசடி என்றும் நான் சொல்லமாட்டேன். கலந்து கிடக்கும் பெட்டியைக் கொண்டுவருபவரிடம் கடை என்ன விலை சொல்லும் என்பதை விளங்கிக்கொண்டால், எங்கே பேரம் பேசலாம் என்பதும் விளங்கிவிடும். மூவாயிரம் சாதாரண அட்டைகளை ஒருவர் உட்கார்ந்து பிரிக்க இரண்டு மூன்று நாள் கூலி ஆகிறது. பிரித்த பிறகும் அவை ஆயிரம் அட்டைக்குச் சில வெள்ளி என்ற கணக்கில்தான் போகும். விலையுள்ள அட்டைக்கோ, கடை தான் விற்கக்கூடிய விலையில் பாதியையோ அதற்குச் சற்று மேலேயோ கொடுத்து வாங்கி, வாடிக்கையாளர் வரும்வரை பணத்தை முடக்கிவைக்க வேண்டும். இத்தனையையும் கழித்துப் பார்த்தாலும் உங்கள் பட்டியலிலுள்ள ஏழு நிலங்களும் கிரேடிலும் கடைகள் கொடுக்கிற விலையிலேயே 1,500 வெள்ளியை எளிதாகத் தாண்டிவிடும். ஆகவே, பிரிக்காத பெட்டியோடு அல்ல, பட்டியலோடு போங்கள். பட்டியல் எழுதிக்கொண்டு வருபவரிடம் நான் ஒருபோதும் மொத்த விலை சொன்னதில்லை, சொல்லவும் துணிந்ததில்லை.

விலை பார்க்கும்போது, விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சமில்லாதவர்கள் அங்கே ஏராளம். அட்டையின் நிலையை உங்கள் மனம் விரும்புவதை விட ஒரு படி கீழே வைத்துக்கொள்ளுங்கள். உறையில்லாமல் சிமெண்டு மேசையில் ஆடிய அட்டை எதுவும் 'நியர் மின்ட்' (ஏறத்தாழப் புதியது) ஆகாது. விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தால் கீறல் தெரியும். பின்புற ஓரத்தில் கறுப்பு நிறம் தேய்ந்து வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். டியூயல் லேண்டைப் பொறுத்தவரை ஒரு சலுகை உண்டு: அதை வாங்குபவர்களில் பலர் ஆடுவதற்காக வாங்குகிறார்கள். ஒளிபுகா உறைக்குள் போட்டுவிட்டால் பின்புறத்து மை யாருக்கும் தெரியாது என்பதால், தம்பியின் எழுத்துள்ள அட்டைக்கும் நல்ல அட்டையின் விலையில் பாதியளவாவது கிடைக்க வாய்ப்பு உண்டு.

கிரேடிலும் அகாடமியும் ஒரே தொகுப்பில் வந்த அரிய நில அட்டைகள். இரண்டும் மறு அச்சில்லாப் பட்டியலில் இருப்பவை. ஆனால் அகாடமியை 'கமாண்டர்', 'லெகசி' ஆகிய ஆட்ட முறைகளில் தடை செய்திருக்கிறார்கள். கிரேடிலுக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் இரண்டுக்கும் விலையில் அவ்வளவு இடைவெளி. அரிதாக இருப்பது மட்டும் போதாது, ஆட இடமும் இருக்க வேண்டும் என்பதைப் புதியவர்களுக்கு விளக்க நான் எப்போதும் இந்த இரண்டையும்தான் எடுத்துக் காட்டுவேன்.

விற்கும் வழிக்கு வருவோம். நூறு வெள்ளிக்கு மேல் போகக்கூடியவற்றைக் கரோசல் என்ற இணையச் சந்தையிலும் இங்குள்ள ஆட்டக்காரர் குழுக்களிலும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். முன்புறம், பின்புறம், நான்கு மூலைகள், சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று என்று படம் எடுத்து, மை இருப்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். வாங்க வருபவர் உருப்பெருக்கியோடு வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பின்புறத்துப் பச்சை வட்டத்துக்குள் நான்கு சிவப்புப் புள்ளிகள் மடங்கிய கோடு போல அமைந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்; போலியைப் பிரித்தறிய அதுவே எளிய வழி. நீங்களும் அதே காலத்து மலிவான அட்டை ஒன்றை அருகில் வைத்து அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். அட்டையை வளைத்துப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சந்திப்பை ஓர் அட்டைக் கடையிலேயே வைத்துக்கொண்டு, பேநவ் பணம் உங்கள் கணக்கில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். எதிராளியின் கைபேசித் திரையில் தெரிவது பணம் வந்ததற்குச் சான்றாகாது. பத்து வெள்ளி முதல் நூறு வெள்ளி வரையுள்ளவற்றைக் கடைக்கே கொடுத்துவிடலாம். பணத்துக்குப் பதிலாக, அதே கடையில் பொருள் வாங்கிக்கொள்ளும் கணக்கில் கூடுதல் தொகை தருகிறோம் என்பார்கள். நீங்கள் மீண்டும் ஆடப்போவதில்லை என்றால் அது உங்களுக்கு எதற்கு?

ரொறன்ரோ வடலி எழுதியது:

கல்லாக்காரர் சொன்னதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். மாக்ஸ் ஜெட்டை மட்டும் நேரடியாக விற்பதற்கு முன் அட்டையைச் சோதித்து, மதிப்பெண் இட்டு, முத்திரையிட்ட பெட்டிக்குள் வைத்துத் தரும் பிஎஸ்ஏ, பெக்கெட் போன்ற தரப்படுத்தும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புவதைப் பற்றி யோசியுங்கள். நல்ல மதிப்பெண் கிடைக்கும் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. கலெக்டர்ஸ் எடிஷன் அட்டைகளின் மூலையை வளைவாக வெட்டி, பின்புறத்தை மாற்றி ஒட்டி, பீட்டா என்று விற்கும் கூட்டம் ஒன்று இருப்பதால், அந்தத் தொகுப்பின் அட்டை என்றாலே வாங்குபவர் தயங்குவார். முத்திரையிட்ட பெட்டிக்குள் இருந்தால் அந்தத் தயக்கம் தீரும். ரிவைஸ்டு நிலங்களுக்கு இந்தச் செலவு வேண்டாம். ஆடித் தேய்ந்த அட்டைக்குக் கட்டணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, நான்கோ ஐந்தோ மதிப்பெண் வாங்குவதில் பயனில்லை.

ஏலத்தில் 2021இல் ஒரு ஆல்பா 'பிளாக் லோட்டஸ்' ஐந்து லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் போன செய்தியை யாராவது உங்களிடம் காட்டி, இன்னும் பத்தாண்டு வைத்திருங்கள் என்று சொல்வார்கள். அந்த ஆண்டு பழைய அட்டைகள் பலவும் உச்சத்துக்குப் போய், பின்னர் கணிசமாக இறங்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். வைத்திருப்பதும் விற்பதும் உங்கள் விருப்பம்; உச்சத்தைப் பிடிக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

தோ பாயோ வாசி எழுதியது:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பட்டியலோடு அதே கடைக்குத்தான் மீண்டும் போனேன். அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு, தேநீர் வரவழைத்து, ஒவ்வொன்றாக விலை சொன்னார். வீல் ஆஃப் பார்ச்சூன், அகாடமி, தேய்ந்த டைகா ஒன்று, இவற்றோடு பத்து வெள்ளிக்கு மேல் போகும் சுமார் நாற்பது அட்டைகளை அவரிடமே கொடுத்தேன். அந்தத் தொகை மட்டுமே, முன்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் சொன்னதற்குச் சற்று நெருங்கி வந்துவிட்டது. கிரேடிலும் நான்கு நிலங்களும் கரோசல் வழியாகத் தனித்தனியே போயின. வால்கேனிக் ஐலண்டை வாங்க வந்த இளைஞர் உண்மையிலேயே உருப்பெருக்கி கொண்டுவந்திருந்தார். நானும் ஒன்று வைத்திருந்ததால் இருவரும் ஒரே அட்டையை மாறி மாறிப் பார்த்தோம். மாக்ஸ் ஜெட் தரப்படுத்தப் போயிருக்கிறது. காலணிப் பெட்டிகள் மூன்றும் எதிர்வீட்டுப் பையனிடம். ஃபாலன் எம்பயர்ஸ் அட்டைகளை அவன் புத்தகத்தில் பக்கக்குறியாக வைத்துக்கொள்கிறான்.

மிச்சமிருப்பது இரண்டு அண்டர்கிரவுண்ட் சீ அட்டைகளும், அவற்றைப் பற்றிய ஒரு சிறு வழக்கும். மை எழுதியதற்கு 400 வெள்ளி வரை கேள்வி வந்திருக்கிறது. சுத்தமானதற்கு அதைவிட மிக அதிகம். இரண்டையும் விற்றுப் பணத்தைச் சமமாகப் பிரிக்கலாம் என்று தம்பிக்கு எழுதினேன். எழுத்து இருப்பதுதான் தன்னுடையது, எழுத்து இல்லாதது என்னுடையது, அதற்காகத்தானே அன்றைக்கு எழுதி வைத்தேன் என்று அவன் பதில் அனுப்பியிருக்கிறான்.